நல்லா சிரி, பல்லு தெரியணும்

1

போன வாரம் என் மகள் மித்ராவுக்கு முதல் பால்பல் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் ஆப்பிளைக் கடிக்கும்போது விழுந்ததாம். டீச்சர் அதை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். இந்த அயர்லாந்தில் பிள்ளைகள் விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். ஒரு தேவதை வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகுமாம். நம் பக்கம் கூரைமேல் வீசுவோம். நாங்கள் இருப்பது அடுக்குமாடி. எங்கள் கூரைக்கு மேலே ஒரு போலந்துக்காரக் குடும்பம் குடியிருக்கிறது. ஆகவே தேவதைக்கே விட்டுவிட்டோம்.

மித்ரா கண்ணாடி முன்னால் நின்று ஈயென்று இளித்துப் பார்த்தாள். பிறகு விழுந்த பல்லைத் தூக்கிப் பிடித்து, “அப்போ!” என்றாள். ஈறில் இருந்த ஓட்டையில் விரலை வைத்து, “இப்போ!” என்றாள். அப்புறம் இரண்டு கைகளையும் அகல விரித்து, “நன்றி தலைவர் மாமா!”

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி ரேவதி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தமிழ்ச் சேனல்கள் வரும் பெட்டியை நாங்கள் கழற்றி வைத்து மாதங்கள் ஆகிவிட்டன.

“பெட்டியத்தான் கழட்ட முடியும்,” என்றாள்.

2

மித்ரா இங்கே கார்க் நகரத்தில்தான் பிறந்தாள். நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்க்கிறேன். ரேவதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவருக்கும் ஷிப்டு. பிள்ளை பாதி வளர்ந்தது காப்பகத்தில். வாயைத் திறந்தபோது ஆங்கிலம்தான் வந்தது, அதுவும் இந்த ஊர் ராகத்தோடு. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் அவர்கள் பாஷையில் பதில் சொல்வாள்.

என் அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டியவன் நான். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் பாதையில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அங்கிருந்து பள்ளிக்கு நடந்து, கல்லூரிக்கு பஸ் ஏறி, ஒரு தலைமுறை முழுக்கச் சேர்த்த எழுத்து என் ஒருவனிடம் இருக்கிறது. அது அடுத்த தலைமுறைக்குப் போகாமல் என்னோடு நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன்.

குழந்தைகள் சேனலில் பெரும்பாலும் ஜப்பான் பொம்மைகளும் வடக்கத்திப் பொம்மைகளும் டப்பிங் குரலில் கத்திக்கொண்டிருந்தன. அதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நிகழ்ச்சி வந்தது. பெயர் ‘சொட்டுக்குட்டி’. நீல நிறத்தில் தண்ணீர்ச் சொட்டு மாதிரி வேடம் போட்ட ஒருவர், கழுத்தில் கட்சிக்கரை போட்ட துண்டோடு, ஊர் ஊராகப் போவார். பிள்ளைகளோடு ஆடுவார், பாடுவார், கிணற்றை எட்டிப் பார்ப்பார், மாட்டுக்குப் புல் போடுவார். ஒவ்வொரு ஊரிலும் முதலில் ஒரு குறை இருக்கும். சொட்டுக்குட்டி, “அப்போ!” என்று அழும். பிறகு ஒரு சுற்றுச் சுற்றி, “இப்போ!” என்று குதிக்கும். குறை தீர்ந்திருக்கும். பிள்ளைகள் எல்லோரும் கையை விரித்து, “நன்றி தலைவர் மாமா!” என்பார்கள்.

எனக்குத் தெரியாமல் இல்லை. எந்தச் சேனல் எந்தக் கட்சியுடையது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெரியவர்கள் எந்தச் செய்தியையும் பாதியாகக் கழித்துத்தான் கேட்பார்கள். பொம்மை பேசும்போது யாரும் கழிப்பதில்லை. நானும் கழிக்கவில்லை. வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை “கெணறு”, “களம்”, “மேடு” என்று சொல்வதைக் கேட்டு வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் அவள், “அப்பா, எனக்குக் குடிநீர் வேண்டும்,” என்றாள். தண்ணி என்று ஒரு சொல் இருப்பதே அவளுக்குத் தெரியாது. இன்னொரு நாள், “முந்தைய ஆட்சியில ஸ்கூல்ல பாஸ்தா குடுத்தாங்க. இப்போ சூப் குடுக்கறாங்க,” என்றாள். நேற்று என்பதற்கு அவளிடம் இருந்த தமிழ் அதுதான். நாங்கள் சிரித்தோம். வீடியோவாக எடுத்து ஊருக்கு அனுப்பினோம். அவர்களும் சிரித்தார்கள்.

ஒரு கேள்வி மட்டும் அவளுக்குத் தீரவில்லை.

“தலைவர் மாமா நமக்கு எந்த மாமா? முருகேசன் மாமாவோட தம்பியா?” முருகேசன் என் அக்காவின் கணவர்.

“இல்லம்மா. அவர் எல்லாருக்கும் மாமா.”

“எல்லாருக்கும் மாமான்னா, அவங்க வீட்டுக்கு நாம எப்போ போறோம்?”

ரேவதி அடுப்படியிலிருந்து சொன்னாள்: “எலக்‌ஷன் வந்தா அவரே வருவாரு.”

3

பல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைக்கு ஈறுக்குள் பல் உருவாகும்போதே அது உள்ளே இறங்கிவிடும். பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும்போது பழுப்புக் கோடுகளோடுதான் முளைக்கும். சிலருக்கு மஞ்சள், சிலருக்குத் துருப்பிடித்த மாதிரி. உப்பு, கரி, பேஸ்ட் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் வந்த கறை வந்ததுதான். வேதியியலை நான் தேடிப்போய்ப் படித்ததற்கு என் வாயே காரணம்.

எங்கள் ஊர்க் கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண், பந்தியில் இருப்பவர்கள் யாருமே பல் தெரியச் சிரித்திருக்க மாட்டார்கள். எங்களுக்குப் படம் எடுக்கும் போட்டோக்காரர் ‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொல்வதை என்றைக்கோ விட்டுவிட்டார். பெண் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏதாவது வேடிக்கைப் பேச்சை எடுத்துவிட்டு, பெண் சிரிக்கிறாளா என்று வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் பெண்கள் அதற்கும் பழகியவர்கள். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே, அது எங்களை நினைத்தே எழுதிய விதி போலிருக்கும் எனக்கு.

இங்கே வந்த புதிதில் பல் மருத்துவரிடம் பதிவு செய்யப் போனேன். வரவேற்பில் இருந்த பெண்மணி எவ்வளவு வருஷமாகப் புகைபிடிக்கிறீர்கள் என்று கேட்டார். புகைபிடிக்கும் பழக்கமே இல்லை என்றேன். அப்படியானால் எப்போது விட்டீர்கள் என்றார். தண்ணீர் என்று சொன்னேன். என்ன தண்ணீர் என்றார். என் ஆங்கிலம் அந்த இடத்தில் கைவிட்டுவிட்டது. கடைசியில் அவர் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கட்டத்தைத் தட்டினார். நான் முன்னாள் புகைபிடிப்பாளன் ஆனேன். இன்றுவரை அந்த மருத்துவமனையில் நான் அதுதான்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. இந்த நாட்டில் பல் சொத்தை வராமலிருக்கக் குழாய்த் தண்ணீரில் அதே ஃபுளோரைடை அளந்து சேர்க்கிறார்கள். முதன்முதலில் அதைப் படித்த அன்று சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களைக் கெடுத்ததே இங்கே மருந்து. அளந்து கொடுக்க இங்கே ஆள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மித்ராவுக்குப் பல் முத்து மாதிரி.

என் அக்கா செல்வியின் மகள் தர்ஷினிக்கு என் பல். என்னைவிடவும் அதிகம்.

4

தர்ஷினி ஆறாம் வகுப்பு. மித்ராவுக்கு அவள் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ காலில் இருவரும் பேசுவார்கள். தர்ஷினி வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசுவாள். கொரோனா போன பின்னும் பள்ளிக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போகிற ஒரே பிள்ளை அவள்தான் என்று அக்கா சொல்வாள்.

அவளுடைய அப்பா, என் மாமா முருகேசன், மினி லாரியில் தக்காளி ஏற்றி பாலக்கோடு மண்டிக்குக் கொண்டுபோகிறவர். கட்சியில் கிளைக்கு ஏதோ பொறுப்பு. கொடி கட்டுவது, கூட்டத்துக்கு வண்டி சேர்ப்பது எல்லாம் அவர்தான். ஒரு நாள் அவரே போன் செய்தார்.

“மாப்ள, உம் பொண்ணு பாக்குதே ஒரு பொம்ம, சொட்டுக்குட்டி, அது நம்மூருக்கு வருது!”

“எங்க மாமா, நம்ம ஊருக்கா?”

“பின்ன? சேனலு நம்முளுது. மாவட்டத்துல ஒரு ஊரு கேட்டாங்க. நாந்தான் ஒத்தக் கால்ல நின்னு வாங்கினேன். நம்மூர்ல புதுசா கொழா போட்டாங்கல்ல, அதுக்குத்தான்.”

“குழாயில தண்ணி வருதுங்களா?”

“கொழா வந்துருச்சு. தண்ணி வரும். நீ வெளிநாட்டுக்குப் போயும் இந்தப் பேச்ச வுடல பாரு.”

படம் எடுத்த அன்று அக்கா வீடியோ காலில் வந்தாள். குரல் கீச்சிட்டது.

“தம்பி, நம்ம தர்ஷினியத்தான் எடுத்தாங்க! இத்தனி புள்ளைங்கள்ல இவளத்தான் பொறுக்கினாங்க!”

அவள் சொன்னது இப்படி. பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்கள். பிள்ளைகள் வழக்கம்போல உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றன. தொப்பி போட்ட டைரக்டர் தம்பி ஒருவர், எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் ஒரு கோமாளித்தனம் செய்து காட்டினார். தர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைத் தூக்கும் முன்னால் அவர் பார்த்துவிட்டார்.

“ ‘சூப்பர்! இந்தப் பாப்பாதான்’னு கத்தினாரு தம்பி. இவ கைய எடுத்து வாய மூடறா, அவரு கையப் புடிச்சு எறக்கி வுடறாரு. ‘மூடாத கண்ணு, நல்லா சிரி, பல்லு தெரியணும், உன் சிரிப்புதான் வேணும்’ங்கறாரு. திருப்பித் திருப்பி எடுத்தாங்க. இவளும் சிரிச்சா பாரு, பெத்தவ நானே அப்பத்தான் பாக்கறேன் அவ முழுச் சிரிப்ப.”

தர்ஷினி போனைப் பிடுங்கிக்கொண்டாள். “மாமா, நான் சிரிச்சா நல்லாருக்குதாம். அந்தண்ணன் சொன்னாரு. மித்ரா கிட்ட சொல்லிடுங்க, அவ பாக்கற டிவில நான் வரப்போறேன்.”

திரையில் அவள் வாயின்மேல் கை இல்லை. அதை அப்போதுதான் கவனித்தேன். அன்று முதல் மாஸ்க் போடாமல் பள்ளிக்குப் போனாள். அக்கா சொன்னாள், வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துச் சிரித்துப் பார்க்கிறாள் என்று.

எனக்கு ஒரு சின்ன நெருடல் இருந்தது. பல்லை எதற்குக் கேட்கிறார்கள்? ஆனாலும் நல்லதாகவே நினைத்தேன். எங்கள் ஊர்ப் பல்லை ஒருவன் தைரியமாக டிவியில் காட்டப்போகிறான், இப்படித்தான் இருக்கிறது என்று ஊர் உலகம் பார்க்கட்டும் என்று நினைத்தேன். படித்தவன் புத்தி.

5

ஒளிபரப்பான ஞாயிறு நம் ஊரில் காலை. இங்கே வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. மித்ராவைப் போர்வையோடு தூக்கி வந்து சோபாவில் உட்கார வைத்தோம். அங்கே ஊரில் மாமா டிவியைத் தெருவில் ஒரு மேசைமேல் வைத்திருந்தார். ஊரே கூடியிருந்தது. ஒரு பெட்டி நிறைய லட்டு. செல்போனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து எங்களுக்குக் காட்டினார்கள். தர்ஷினி முன்வரிசையில், ரெட்டை ஜடை, சிவப்பு ரிப்பன், பள்ளிச் சீருடை. டிவியில் எப்படி வரப்போகிறாளோ அதே மாதிரி உடுத்தியிருந்தாள்.

“வணக்கம் வெளிநாட்டு மாப்ளைக்கு!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். “லட்டு அனுப்பட்டுமா?”

நிகழ்ச்சி தொடங்கியது. சொட்டுக்குட்டி எங்கள் ஊர் வேப்பமரத்தடியில் ஆடி வந்தது. பிறகு திரை திடீரென்று கறுப்பு வெள்ளையானது. சோகமான இசை. தர்ஷினியின் முகம் திரை முழுக்க வந்தது. அவள் சிரிக்கிறாள். படம் அப்படியே உறைந்தது. மெதுவாகப் பெரிதாகி, முகம் போய், வாய் மட்டும் திரை அளவுக்கு நின்றது. சொட்டுக்குட்டி இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, “ஐயய்யோ! அப்போ!” என்று நடுங்கியது. பின்னணியில் பிள்ளைகள் கூட்டமாகச் சிரிக்கும் சத்தம். ‘முந்தைய ஆட்சி’ என்று எழுத்து வந்தது.

சொட்டுக்குட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. நிறம் திரும்பியது. புதுக் குழாய் ஒன்றிலிருந்து தண்ணீர் பளபளவென்று கொட்டியது. ஒரு பெண் குனிந்து கையில் ஏந்திக் குடிக்கிறாள். அதே சீருடை, அதே ரெட்டை ஜடை, அதே சிவப்பு ரிப்பன். நிமிர்ந்து சிரித்தாள். பற்கள் அத்தனையும் வெள்ளை. ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு பல்லில் நட்சத்திரம் மின்னியது.

“இப்போ!” என்றது சொட்டுக்குட்டி.

அந்தப் பெண்ணை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அந்தக் குழாயும் எங்கள் ஊர்க் குழாய் இல்லை.

மித்ரா போர்வையை உதறிவிட்டு எழுந்து, வழக்கம்போலக் கையை விரித்து “நன்றி தலைவர் மாமா!” என்று கத்தினாள். பிறகு நான் தடுப்பதற்குள் போன் பக்கம் ஓடினாள்.

“தர்ஷினி அக்கா! உங்க பல்லு சரியாயிடுச்சு! வெள்ளையா ஆயிடுச்சு! காட்டுங்க, காட்டுங்க!”

அந்தப் பக்கம் யாரோ ஒரு பையன் அடக்க முடியாமல் கிக்கென்று சிரித்தான். தர்ஷினியின் கை எழுந்து வாயை மூடியது. பிறகு இன்னொரு கையும் வந்து அதன்மேல் மூடியது. மாமா குறுக்கே வந்தார். திரையில் அவர் வேட்டி தெரிந்தது, அப்புறம் வானம், அப்புறம் ஒன்றுமில்லை.

“அக்கா ஏன் காட்டல?” என்றாள் மித்ரா.

6

அந்த ஒரு நிமிடத் துண்டைத் தனியாக வெட்டி, கார்ட்டூன்களுக்கு நடுநடுவே விளம்பரமாகப் போட ஆரம்பித்தார்கள். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. என் மகள் ஜப்பான் பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் என் அக்கா மகளின் வாய் வந்து போகும்.

பள்ளியில் தர்ஷினிக்குப் பெயர் மாறியது. வகுப்பில் பாதிப் பேருக்குப் பல் அப்படித்தான். ஆனால் டிவியில் வந்தது அவளுடையது. “ஏய் அப்போ, நோட்டு குடு.” “அப்போ வந்துட்டாடா, தள்ளி ஒக்காருங்க.” டீச்சரே ஒரு நாள் தெரியாத்தனமாக அப்படிக் கூப்பிட்டுவிட்டாராம். அவள் மறுபடி மாஸ்க் போட்டாள். சாப்பாட்டு நேரத்தில் மாஸ்க்கைக் கழற்ற வேண்டுமே என்று மதியச் சாப்பாட்டையும் விட்டாள்.

மாமா கட்சியின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். போய்விட்டு வந்து என்னிடம் சொன்னார். அவர் இவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

“மாப்ள, ‘உம் பொண்ணு டிவில வந்துச்சே, சந்தோஷப்படறத வுட்டுட்டு’ங்கறாங்க. ‘அந்தப் புள்ள மொகம் இல்லன்னா திட்டமே ஜனத்துக்குப் புரியாதுப்பா’ங்கறாங்க. நாங் கேட்டேன், ‘அந்தக் கொழாயில தண்ணி எப்பங்க வரும்’னு. ‘முருகேசா, நீ கட்சிக்காரன் மாதிரியா பேசற’ங்கறாங்க.”

“அப்புறம் என்ன சொன்னீங்க?”

“என்னாத்த சொல்றது? டீ குடுத்தாங்க. குடிச்சிட்டு வந்தேன்.”

நான் சேனலுக்கு மெயில் எழுதினேன். பிள்ளையின் முகத்தை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். கறை பட்ட பல் எந்தத் தண்ணீர் குடித்தாலும் வெளுக்காது, நீங்கள் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லித் தருகிறீர்கள் என்று வேதியியல் சமன்பாடு வரைக்கும் எழுதினேன். பதில் உடனே வந்தது. உங்கள் அன்புக்கு நன்றி, சொட்டுக்குட்டியை இனி எங்கள் செயலியிலும் கண்டு மகிழுங்கள் என்று இருந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி அதே அன்புக்கு அதே நன்றி. மூன்றாம் முறை ஒரு மனிதர் பதில் போட்டார். பெற்றோரின் முழுச் சம்மதத்துடன்தான் படமாக்கப்பட்டது என்றார். அது உண்மைதான். மாமா மகிழ்ச்சியோடு சம்மதித்தார்.

அன்று பெட்டியைக் கழற்றினேன். மித்ரா அழுதாள். ரேவதி என்னைத் தடுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று வாரம் போனதும் அவள்தான் முதலில் கவனித்தாள். “இவ குடிநீர்னு சொல்லி எத்தன நாளாச்சு பாருங்க. வாட்டர்னுதான் கேக்கறா.” கிணறும் களமும் மேடும் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. மிச்சம் நின்றது அந்த மூன்று கூச்சல்கள் மட்டும். அவற்றை யாராலும் கழற்ற முடியவில்லை. நல்லதோ கெட்டதோ, என் மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கச் சிரமம் எடுத்துக்கொண்டது அந்தக் கட்சி ஒன்றுதான். நான் ஷிப்டில் இருந்தேன்.

7

நேற்று அக்கா கூப்பிட்டாள். அவள் குரலில் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

எதிர்க்கட்சிக்கும் ஒரு சேனல் இருக்கிறது. அவர்களும் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி தொடங்கியிருக்கிறார்கள். ‘குட்டி நிருபர்’. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கோட்டு போட்டுக்கொண்டு மைக் பிடித்துக் கேள்வி கேட்பார்களாம். மாமா தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு போயிருந்த நேரத்தில் அவர்கள் வந்துவிட்டார்கள். அவர் இருந்திருந்தால் வீட்டு வாசலையே மிதிக்க விட்டிருக்க மாட்டார்.

“நேரா நம்ம வூட்டுக்கே வந்தாங்க தம்பி. ‘டிவில வந்த அந்தப் புள்ள வூடு எது’ன்னு கேட்டுக்கிட்டே வந்திருக்காங்க. கோட்டு போட்ட ஒரு பொண்ணு, நம்ம தர்ஷினி வயசுதான் இருக்கும். பின்னால கேமரா, அதுக்குப் பின்னால ஒரு பெரிய ஆளு. அந்தப் பொண்ணு எப்பிடிப் பேசுது தெரியுமா? ‘திட்டத்தின் தோல்விக்கு நீங்களே சாட்சி அல்லவா’ன்னு கேக்குது. இவ மாஸ்க்க போட்டுக்கிட்டு கதவு பின்னால நிக்கறா.”

“நீ அவங்கள வெளிய அனுப்பிச்சிருக்க வேண்டியதுதானேக்கா?”

“அனுப்பப் போனேன். அதுக்குள்ள அந்தப் பெரிய ஆளு சொன்னாரு, ‘மாஸ்க்க எடும்மா, நல்லா சிரி, பல்லு தெரியணும்’னு.”

அதே வார்த்தை.

“இவ எடுக்கல தம்பி. அந்தக் கோட்டுக்காரப் பொண்ணையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் அது கிட்டக் கேட்டா, ‘உங்க டிவில நான் அப்போவா, இப்போவா?’ன்னு.”

குட்டி நிருபருக்குப் பதில் தெரியவில்லையாம். எழுதிக் கொடுத்ததில் அந்தக் கேள்வி இல்லை. திரும்பிப் பெரிய ஆளைப் பார்த்திருக்கிறாள். அவர் ஒரு கணம் யோசித்திருக்கிறார். தண்ணீர் இன்னும் வரவில்லை என்றுதானே அவர்கள் காட்ட வேண்டும். இன்றைய நிலைமைக்குத்தானே அவர்களுக்குச் சாட்சி வேண்டும்.

“ ‘இப்போ’ன்னு சொல்லு பாப்பா, ‘நீதான் இப்போ’ன்னு சொல்லுன்னாரு. அந்தப் பொண்ணும் மைக்க நீட்டி, ‘நீதான் இப்போ’ன்னுச்சு.”

“தர்ஷினி என்ன செஞ்சா?”

“மாஸ்க்க எடுத்துட்டா. சிரிச்சா தம்பி. அன்னிக்கு சிரிச்ச மாதிரியே.”

அது ஒளிபரப்பாகிற அன்று என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். திரை கறுப்பு வெள்ளையாகும், சோக இசை வரும், இந்த முறை வேறு ஒரு தலைவரின் கட்சிக்கரை ஓரத்தில் இருக்கும், வாய் மட்டும் பெரிதாகும். மாமாவைக் கட்சியில் என்ன செய்வார்கள் என்பதும் ஓரளவு தெரியும். குழாயில் தண்ணீர் வராது என்பதும் தெரியும். வந்தாலும் தர்ஷினியின் பல்லுக்கு இனி ஒன்றும் ஆகாது என்பது மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும். அதைத்தான் படித்திருக்கிறேன்.

அக்காவிடம், அவர்களுக்கு உடனே போன் செய்து போட வேண்டாம் என்று சொல் என்றேன். சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். எந்த நம்பருக்கு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்போது தர்ஷினி போனை வாங்கினாள். வீடியோவைப் போட்டாள். பின்னால் வாசலில் புதுக் குழாய் தெரிந்தது, அதன் கழுத்தில் துணி காயப்போட்டிருந்தார்கள். அவள் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது.

“மாமா, ஞாயித்துக்கெழம காலையில போடறாங்களாம். வேற சேனலு. இந்த வாட்டி நான் இப்போ மாமா. மித்ராவ கண்டிப்பா பாக்கச் சொல்லுங்க. பாப்பாளா?”

பெட்டியைக் கழற்றிவிட்டோம் என்று அவளிடம் நாங்கள் இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கறை பட்ட பற்கள் அத்தனையும் தெரிந்தன. இரண்டு கைகளும் போனைப் பிடித்திருந்தன.

“கண்டிப்பா பாப்பா கண்ணு,” என்றேன்.

போனை வைத்துவிட்டு, அலமாரிக்கு அடியில் கிடந்த பெட்டியை இழுத்து எடுத்து, அதன் ஒயர் எங்கே என்று தேட ஆரம்பித்தேன்.